பாணிகளுக்கு இடமுண்டு, பெண்களுக்கு?

அமெரிக்காவில் 1962இல் தொடங்கப்பட்ட ‘ஸ்பா’ என்ற ஹார்மோனிக்கா சங்கம் ஆண்டுதோறும் ஒரு நகரத்தில் ஹோட்டல் பிடித்து மாநாடு நடத்துகிறது. ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் நான்காண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் உலக ஹார்மோனிக்கா விழா நடந்துவருகிறது. இந்தக் கூடுகைகள்மீது எனக்கு மரியாதை உண்டு. பத்துத் துளை டயட்டானிக்கில் ப்ளூஸ் வாசிப்பவர், பொத்தானை அழுத்திக் குரோமாட்டிக்கில் செவ்வியல் வாசிப்பவர், ட்ரெமலோவில் வாசிக்கும் ஆசியக் குழுக்கள், பேஸும் கார்டும் சேர்ந்த மூவர் குழுக்கள் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். ‘இப்படி வாசிக்கக் கூடாது’ என்று எந்தப் பாணியையும் விரட்டுவதில்லை.

இந்தத் தாராளம் மீறலிலிருந்து வந்தது. ஜெர்மன் நாட்டுப்பாடல்களுக்கு ஏற்ப, ஊதினால் மூல சுருதியின் ஸ்வரங்கள் இணைந்து ஒலிக்கும்படி செய்த கருவி அது. அமெரிக்கத் தெற்கின் கறுப்பினக் கலைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். சி சுருதிக் கருவியில் ஜி சுருதியில் வாசித்தார்கள். மூச்சை உள்ளிழுத்து, தொண்டையாலும் நாக்காலும் ஸ்வரத்தை வளைத்தார்கள். செய்தவர்கள் நினைத்தும் பார்க்காத அந்த வாசிப்பு இன்று பயிலரங்கப் பாடம்.

ஆனால் யாருடைய மீறல் பாணியாகிறது? மைக்கை உள்ளங்கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியே வாசித்த லிட்டில் வால்டருடையது ஒரு பாணி. அதில் எனக்கு மறுப்பில்லை. பிக் மாமா தார்ன்டனும் ஹார்மோனிக்கா வாசித்தார், தானாகவே கற்றுக்கொண்டு. அவரை நாம் அறிந்திருப்பது 1952இல் ‘ஹவுண்ட் டாக்’ பாடியவராக மட்டுமே. அதையும் எல்விஸின் 1956 பதிவு மூடிவிட்டது. சன்னி பாய் வில்லியம்சனும் பாடினார், வாசித்தார். அவர் ‘பாடவும் செய்த ஹார்மோனிக்காக் கலைஞர்’. தார்ன்டன் ‘வாசிக்கவும் தெரிந்த பாடகி’. அந்த ‘உம்’ யாருக்கு எங்கே விழுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

ட்ரோசிங்கனில் இது இன்னும் உறுத்துகிறது. 1857இல் ஹோனர் அங்கே தொழில் தொடங்கினார். அந்தத் தொழில் வளர்ந்ததில், வீட்டிலிருந்தபடியே குறைந்த கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பெரும்பங்கு உண்டு. உலகம் ஊதிய கருவியில் அவர்களுடைய கைவேலை இருக்கிறது.

மாநாட்டின் உயிர் மேடையில் மட்டும் இல்லை. இரவு நெடுநேரம் ஹோட்டல் வரவேற்பறையில் நடக்கும் கூட்டு வாசிப்பிலும் இருக்கிறது. யாரும் வரலாம், கதவு திறந்திருக்கிறது என்பார்கள். நள்ளிரவில், ஆண்கள் சூழ்ந்த வட்டத்துக்குள் ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார, திறந்த கதவு மட்டும் போதாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், பயணத்துக்குப் பணம் வேண்டும், திரும்பும் வழியில் பயமில்லாதிருக்க வேண்டும்.

பெண்களுக்கென்று ஒரு தனி மூலையை நான் கேட்கவில்லை. தார்ன்டனின் வாசிப்பை ஒரு பாணியாகவே பாடம் வையுங்கள். கூட்டு வாசிப்பைப் பகலிலும் நடத்துங்கள். கருவிக்குக் காட்டும் தாராளத்தை அதை ஊதும் மூச்சுக்கும் காட்டுங்கள்.