அண்டை அயலாரின் சாட்சி: கில்பர்ட் ஒயிட்டின் கடிதங்களும் மொழிபெயர்ப்பாளரும்

1. முன்னுரை

இயற்கை ஆய்வாளர் ஒருவர் தம் நண்பர்க்கு எழுதும் கடிதங்களை அறிவியல் வரலாற்றாசிரியர் செய்திக்காகப் படிப்பர். இலக்கியத் திறனாய்வாளர் நடைக்காகப் படிப்பர். அச்செய்தி எவர்வழி வந்தது, அதனை எழுதியவர் எந்த அளவுக்கு நம்பினார் என்பனவற்றை மொழி எவ்வாறு காட்டுகிறது என்னும் வினா இவ்விரு நோக்குகளுக்கும் இடையே நழுவிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கோ இவ்வினாவே முதன்மையானது. கில்பர்ட் ஒயிட்டின் (1720-1793) கடிதங்களைக் கொண்டு இதனை ஆராய்வதும், அவற்றைத் தமிழாக்குங்கால் எழும் இடர்ப்பாடு ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்தவர் ஒயிட். அவருடைய நூல் 1789ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அதன் இயற்கை வரலாற்றுப் பகுதி 110 கடிதங்களால் ஆனது; 44 கடிதங்கள் விலங்கியலறிஞர் தாமஸ் பென்னண்டுக்கும், 66 கடிதங்கள் வழக்கறிஞரும் நீதிபதியுமான டெய்ன்ஸ் பாரிங்டனுக்கும் எழுதப்பட்டனவாக அமைந்துள்ளன. எனினும் அனைத்தும் அஞ்சலில் சென்றவை அல்ல. பென்னண்டுக்குரியனவாகத் தொடக்கத்தில் நிற்கும் ஒன்பதும் நூலுக்கென்றே பின்னர் எழுதப்பட்டவை. உண்மையான மடல் பத்தாவதிலிருந்தே தொடங்குகிறது. அதன் நாள் 1767 ஆகஸ்டு 4.

2. பெறுநர் இன்மையும் உண்மையும்

அனுப்பப்படாத ஒன்பது கடிதங்களையும் பத்தாவதையும் அடுத்தடுத்துப் படிப்போர் நடை மாற்றத்தை உடனே உணர்வர். முன்னவை ஊரின் இருப்பு, மண், கிணறு, காடு ஆகியவற்றை விவரிக்கின்றன. அவற்றில் பெறுநரை நோக்கிய பேச்சு அருகியே வருகிறது. வினைமுற்றுகள் பெரும்பாலும் துணிவுப் பொருளில் நிற்கின்றன. பத்தாம் கடிதமோ ஒரு குறையைச் சொல்லித் தொடங்குகிறது. இயற்கை அறிவில் நாட்டமுடைய அண்டை அயலார் தமக்கு வாய்க்காதது தம் கெடுவாய்ப்பு என்றும், ஊக்கவும் கூர்மைப்படுத்தவும் துணையின்மையால் தம் அறிவு பெரிதும் வளரவில்லை என்றும் ஒயிட் கூறுகிறார். தொலைவிலுள்ள நண்பரை அண்டை வீட்டாராக ஆக்கிக்கொள்ளும் முயற்சியே அவருடைய கடிதம் எனலாம்.

அதே கடிதத்தில் தகைவிலான், உழவாரன் ஆகிய பறவைகள் குளிர்காலத்தில் என்ன ஆகின்றன என்னும் சிக்கல் எழுகிறது. அவை தொலைநாடு செல்கின்றனவா, அன்றி உள்நாட்டிலேயே பொந்துகளில் உறங்கிக் கிடக்கின்றனவா என்பது அக்காலத்து அறிஞரைப் பிரித்து நிறுத்திய வினா. ஒயிட் இரு சாட்சிகளை முன்வைக்கிறார். முதலாமவர் அறியும் ஆர்வமுடைய ஒரு மதகுரு. தாம் சிறுவராயிருந்தபோது, இளவேனிற்காலத் தொடக்கத்தில் தேவாலயக் கோபுரத்தின் மேற்பகுதியை இடித்தவர்கள் செத்தவை போன்ற இரண்டு மூன்று உழவாரன்களைக் கண்டனர் என்றும், அவை நெருப்பருகே உயிர்ப்புற்றன என்றும், தாம் அவற்றைக் காகிதப் பையிலிட்டு அடுக்களை நெருப்பருகே தொங்கவிட, அவை மூச்சுத்திணறி மாண்டன என்றும் அவர் உறுதி கூறுகிறார். இரண்டாமவர் அறிவுடைய மற்றொருவர். அவர் பள்ளிப் பருவத்தில் சசெக்ஸ் கடற்கரையில் சுண்ணப்பாறை இடிந்து விழுந்தபோது, அதன் இடிபாட்டில் தகைவிலான்களைப் பலர் கண்டனர் என்கிறார். நீரே கண்டீரா என்று ஒயிட் வினவ, இல்லை, கண்டதாகப் பிறர் உறுதி கூறினர் என்பதே விடையாகிறது. அது தமக்குப் பெரும் ஏமாற்றம் தந்தது என்பதையும் ஒயிட் மறைக்காமல் எழுதுகிறார்.

இப்பகுதியின் அறிவியல் மதிப்பு அதன் முடிவில் இல்லை. 1911இல் ஸ்டாஃபோர்டுஷயரில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கிடைத்தது. பறவையுறக்கக் கருத்து இன்று எவராலும் கொள்ளப்படுவதில்லை. எஞ்சி நிற்பது கண்டவர், கேட்டவர், கேட்டவரிடம் கேட்டவர் எனச் சாட்சியத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் முறையே. இதுவே மொழியியலார் சான்றுநிலை என வழங்கும் பொருண்மையாகும்.

3. ஐயத்தின் இருவகை

ஒயிட்டின் ஐயச் சொற்கள் அனைத்தையும் ஒரே தன்மையன எனக் கொள்ளுதல் தவறு. வலசைக் கருத்தை ஏற்கத் தயங்கியவர் பாரிங்டன். அவருக்கு எழுதிய ஒன்பதாம் கடிதத்தில், அவர் வலசைக் கருத்துக்கு உற்ற நண்பர் அல்லர் என்பது தமக்குத் தெரியும் என்று ஒயிட் தொடங்குகிறார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் செய்திகள் பாரிங்டனின் ஐயத்துக்கு இடந்தருவனபோல் தோன்றுகின்றன என ஒப்புகிறார். அதன் பின்னரே, வலசையை முற்றாக மறுத்தல் ஆகாது எனத் திரும்பி, ஜிப்ரால்டரில் மதகுருவாயிருந்த தம் தம்பி ஜான், பறவைகள் நீரிணையைக் கடப்பதை இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் வாரக்கணக்கில் கண்கூடாகக் கண்டதை எடுத்துரைக்கிறார்.

இங்கு முதலில் வரும் ஒப்புதல் பெறுநரை மதிக்கும் பணிவைச் சார்ந்தது. 1767ஆம் ஆண்டுக் கடிதத்தில் வரும் தயக்கமோ சான்றின் குறைவைச் சார்ந்தது. முன்னதனைப் பணிவு ஐயம் எனவும், பின்னதனை அறிவு ஐயம் எனவும் வேறுபடுத்தலாம். ஒயிட்டின் குறையும் இங்கேதான் தென்படுகிறது. பணிவு ஐயம் அவரிடம் பல ஆண்டு நீடித்து, சில இடங்களில் அறிவு ஐயத்தின் எடையையும் பெற்றுவிடுகிறது. உடன்பிறந்தாரின் கண்கூடான சான்று கையிலிருந்தும், உறக்கக் கருத்தை அவர் இறுதிவரை முற்றாகக் கைவிடவில்லை. நட்பு அவருடைய கூர்மையை வளர்த்ததுபோலவே துணிவைத் தளர்த்தவும் செய்தது என்பது நடுநிலையான மதிப்பீடாகும்.

4. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

தமிழில் பிறர்கூற்றை உணர்த்த இரு வழிகள் உள்ளன. ஒன்று 'என்று' என்னும் இடைச்சொல்லுடன் கூறல்வினை சேர்ந்த தொடர்; மற்றொன்று '-ஆம்' என்னும் ஒட்டு. 'பறவைகள் கிடந்தன என்று அவர் சொன்னார்' என்பதில் சொன்னவர் தெரிகிறார். 'பறவைகள் கிடந்தனவாம்' என்பதில் பிறர் சொன்னது என்பது மட்டும் தெரிகிறது, சொன்னவர் மறைகிறார். மேலும், '-ஆம்' கதை சொல்லுவோர் வழக்கிலும் நம்பாமை தோன்றும் எள்ளற்பேச்சிலும் ('பெரிய அறிஞராம்!') பெருவரவிற்று. மதகுருவின் சாட்சியம் முழுவதையும் '-ஆம்' இட்டு மொழிபெயர்த்தால் அது பாட்டி கதையாகிவிடும். அவரை அறியும் ஆர்வமுடையவர் என ஒயிட் தந்த சான்றிதழும் பறிபோகும்.

'-ஆம்' தன்மீதே மீண்டும் ஏறாது. ஆனால் 'என்று' தொடருக்குள் அடங்கும். ஆகவே கடற்கரைச் செய்தியை, 'இடிபாட்டில் தகைவிலான்கள் கிடந்தனவாம் என்று அவர் சொன்னார்' என அமைக்கலாம். உள்ளே நிற்கும் '-ஆம்' பெயரறியாப் பலரின் கூற்றையும், வெளியே நிற்கும் 'என்று' பெயரால் சுட்டப்படாத ஒருவரின் கூற்றையும் தாங்குகின்றன. மூலத்தின் ஈரடுக்குச் சாட்சியம் இதனால் காக்கப்படுகிறது. பாரிங்டனுக்கு எழுதிய பத்தாம் கடிதத்தில், செவி நுட்பம் வாய்ந்தவர் எனப் பிறரால் கூறப்படும் அண்டை வீட்டார் ஒருவர், ஊர் ஆந்தைகள் மூன்று வேறு சுருதிகளில் அலறுவதாகக் கூறியது இடம்பெறுகிறது. அங்குப் பிறர்கூற்று அலறலைப் பற்றியதோடு நில்லாது, சாட்சியின் செவித்திறனையும் பற்றியதாகிறது. 'செவி நுட்பமுள்ள அண்டை வீட்டார்' எனச் சுருக்குவோர், ஒயிட் தாம் ஏற்காத பொறுப்பு ஒன்றை அவர் தலையில் ஏற்றுகின்றனர்.

இவற்றினும் பெருங்கேடு விளைப்பது அறிவியல் தமிழில் பரவியுள்ள 'படு' வினையாட்சி. 'பாறை இடிபாட்டில் தகைவிலான்கள் கண்டெடுக்கப்பட்டன' என்னும் தொடர் செறிவானது. பாடநூலுக்கு ஏற்றதாகவும் தோன்றும். ஆயின் அது பொய். எவரும் கண்டதாக ஒயிட்டுக்கு உறுதிப்படவில்லை என்பதே அப்பகுதியின் பொருள். எழுவாயை நீக்கியதும் சாட்சி நீங்குகிறார். சாட்சி நீங்கியதும் வதந்தி உண்மையாகிறது.

முன்னிலைச் சொல்லும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ஒன்றாக நிற்பது தமிழில் 'நீ', 'நீர்', 'நீங்கள்', 'தாங்கள்' எனப் பிரியும். பாரிங்டனுக்குத் 'தாங்கள்' என்பதே பொருந்தும். பணிவு ஐயத்தை அச்சொல்லே பெரும்பாலும் தாங்கிக்கொள்வதால், வினையில் 'போலும்', 'கூடும்' என மிகையாக அடுக்க வேண்டுவதில்லை. அவற்றை அறிவு ஐயத்துக்கென ஒதுக்கலாம்.

இடஞ்சுட்டலிலும் விழிப்பு வேண்டும். ஒயிட் கண்ட தகைவிலான் இனமே தமிழகத்துக்கும் வருவது. ஆனால் இங்கு அது குளிர்கால விருந்தாளி. செல்போர்னில் 'மறையும்' பருவமே தமிழ் வாசகர்க்கு அது 'வரும்' பருவம். எனவே 'வருதல்', 'போதல்' ஆகிய வினைகளைச் செல்போர்னை மையமாகக் கொண்டே ஆளுதல் வேண்டும். அன்றேல் ஒயிட்டின் புதிர் வாசகர்க்குப் புதிராகவே தோன்றாது.

5. முடிவுரை

ஒயிட்டின் கடிதங்கள் இன்றும் வாழ்வதற்குக் காரணம் அவர் கண்டவை மட்டும் அல்ல. காணாதவற்றைக் கண்டதாகச் சொல்லாமையும் ஆகும். அந்நேர்மை அவருடைய வினைமுற்றுகளிலும் இடைச்சொற்களிலும் தங்கியுள்ளது. கடிதத்தைக் கட்டுரையாக்கி, 'நான் கண்டேன்', 'அவர் சொன்னார்', 'பிறர் சொன்னாராம்' என்பவற்றை ஒரே 'அறியப்படுகிறது' என்பதில் கரைக்கும் மொழிபெயர்ப்பு, பிழையற்ற தமிழில் அமைந்தாலும் மூலத்துக்கு மாறானதே. '-ஆம்', 'என்று' ஆகிய இரண்டையும் உடைய தமிழுக்கு இவ்வேறுபாட்டைக் காக்கும் ஆற்றல் குறைவில்லை. அவ்வாற்றலைப் பயன்கொள்வதும் விடுவதும் மொழிபெயர்ப்பாளரைப் பொறுத்தன.