பைத்தியமும் மாத்திரையும்

மலையகச் சிறுகதைகளைத் தொடர்ந்து படித்து வருவோருக்கு ஒரு பாத்திரம் நன்கு பழக்கமானது. லயத்துக் கோடியில் தலைவிரி கோலமாய் நிற்கும் ஒரு பெண். அல்லது பிரட்டுக் களத்தில் தன்னந்தனியே பேசிக்கொண்டிருக்கும் ஒரு கிழவன். குடியுரிமை பறிபோனதாலோ, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் குடும்பத்தை இரண்டாகக் கிழித்ததாலோ, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்ததாலோ இவர்களுக்குச் சித்தம் கலங்கிற்று என்பது கதை. கலங்கியதும் கதை முடிந்துவிடும். மறுநாள் என்ன நடந்தது? ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றவர் யார்? என்ன மாத்திரை கொடுத்தார்கள்? அடுத்த மாதமும் அந்த மாத்திரை கிடைத்ததா? இக்கேள்விகளை நமது எழுத்தாளர் பெரும்பாலும் எழுப்புவதில்லை.

சுரண்டலின் கொடுமையைக் காட்டுவதற்குப் பைத்தியத்தைக் குறியீடாகக் கொள்வதில் நல்ல நோக்கம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறியீட்டுக்கு மருந்து வேண்டியதில்லை, மனிதருக்கு வேண்டும். பித்தன் என்பதைப் புனைபெயரில் ஏற்றுக்கொண்ட பெரும் படைப்பாளி தமிழில் இருந்தார். லயத்திலே அந்தப் பெயரைப் பெற்றுவிட்ட பெண்ணுக்கோ மாப்பிள்ளை கிடைப்பதில்லை. அவள் தங்கைக்கும் கிடைப்பதில்லை. அங்கொடை என்ற ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் நம்முடையது.

தமிழகத்தில் சிலர் இவ்வெல்லையைத் தாண்டியிருக்கின்றனர். எம். வி. வெங்கட்ராமின் 'காதுகள்' காதில் ஓயாது ஒலிக்கும் குரல்களோடு வாழும் ஒருவனை, குறியீடாக்காமல், நோவோடு காட்டியது. 1993இல் சாகித்திய அக்காதெமி பரிசும் பெற்றது. கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநோயாளரையே பேசவிட்டது. இவற்றை நமது மாணவர் அவசியம் படிக்க வேண்டும். ஆயினும், தோட்டத்து நோயாளிக்கே உரிய சிக்கல் ஒன்று இந்நூல்களின் பரப்புக்கு வெளியே நிற்கிறது. அது மருந்தின் விலை. மருந்தை அடைவதற்கு ஆகும் விலை.

இந்த மருந்துகள் புதியனவல்ல. குளோர்புரோமசின் 1950இல் பிரான்சில் உருவாக்கப்பட்டு, 1952 முதல் மனநோய்க்கு வழங்கப்பட்டு வருகிறது. லித்தியம் வெறும் உப்பு. அதன் பயனை அவுஸ்திரேலியாவின் ஜோன் கேட் 1949இல் எடுத்துக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இவை இரண்டும் உண்டு. காப்புரிமை கேட்கும் உரிமையாளன் இன்று இவற்றுக்கு இல்லை. ஆகவே இவை மலிவாகக் கிடைக்க வேண்டியவை. கிடைக்கச் செய்யலாம் என்பதையும் இந்நாடே உலகுக்குக் காட்டிற்று. ஊவாவின் வெல்லஸ்ஸைக் குடும்பத்தில் வந்த பேராசிரியர் சேனக பிபிலே, டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு 1971இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. வணிகப் பெயரை ஒதுக்கி, மருந்தின் பொதுப்பெயரால் உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி வாங்கியபோது விலை சரிந்தது. பன்னாட்டுக் கம்பனிகள் சீறின. மருந்தின் பெயரே வர்க்கப் போராட்டத்தின் களமாயிற்று. இத்தனை பெரிய நாடகம் நமது மாகாணத்தோடு தொட்டுக்கொண்டு நிகழ்ந்தும், இதை எழுதிய கதை எதையும் நான் படித்ததில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசந்தானே என்பீர்கள். இலவசமே. மடுல்சீமையிலிருந்து பதுளைக்குக் கிளினிக் வரும் தொழிலாளி அதிகாலையிலே பஸ் ஏற வேண்டும். பசறை கடந்து வந்து, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கித் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைக்குப் பேர் இல்லை. துணைக்கு வந்தவருக்கும் இல்லை. 2021இல் போராடிப் பெற்ற ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தின்படி பார்த்தால், அந்த இலவச மாத்திரைக்கு இருவரும் அப்போது கொடுத்த விலை இரண்டாயிரம்; பஸ் கட்டணம் வேறு. இதன்மேல் மொழித் தடை. வயிற்றுவலிக்காரர் வயிற்றைத் தொட்டுக் காட்டலாம். காதில் கேட்கும் குரலைத் தொட்டுக் காட்டுவது எங்ஙனம்? சிங்களம் மட்டும் அறிந்த வைத்தியரின் முன் தமிழ் மட்டும் அறிந்தவர் அமர்ந்தால், பக்கத்து வீட்டுப் பையன் மொழிபெயர்க்கிறான். அந்தரங்கமெல்லாம் மாலைக்குள் லயம் முழுவதும் பரவிவிடும்.

2022இல் டொலருக்கு இருநூறு ரூபாய் அளவில் நின்ற நாணய மதிப்பு சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டிச் சரிந்தது. ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டது. துண்டெழுதிக் கொடுத்து, வெளிக்கடையில் வாங்கச் சொன்னார்கள்.

கடல் கடந்து போனவர் நிலையோ இன்னும் கொடிது. ஊவாத் தோட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்லும் பெண், மனநோய் உண்டென்று மருத்துவப் பரிசோதனையில் சொன்னால் தகுதியற்றவளாகிறாள். எனவே மறைக்கிறாள். மறைப்பதனால் வைத்தியரின் கடிதம் பெறுவதில்லை. கடிதமும் முன்னனுமதியும் இல்லாமல் இவ்வகை மருந்துகளுட் சிலவற்றைக் கொண்டுபோவது ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளில் குற்றம். உள்ளாடைக்குள் சுற்றிக்கொண்டு போன மாத்திரையும் ஒருநாள் தீர்ந்துவிடும். கடவுச்சீட்டு எசமானர் பெட்டியில். வெளியே போக அனுமதியில்லை. பதுளையில் காசின்றி வாங்கியதற்கு அங்கே வைத்தியருக்கும் கடைக்கும் தனித்தனியே பணம். மாத்திரை நின்றால் நோய் திரும்பும் ஆபத்து பெரிது என்பது மருத்துவம் அறிந்த செய்தி.

அவள் விமான நிலையத்தில் வந்து இறங்கும்போதுதான் நமது கதாசிரியர் பேனாவைத் திறக்கிறார். எசமானியின் சூடும் அடியும் அவளைப் பைத்தியமாக்கின என்று எழுதுகிறார். அக்கொடுமை மெய்; எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரே விளக்கத்தில் எத்தனை குற்றவாளிகள் தப்பிவிடுகின்றனர்! உண்மையைச் சொன்னால் வேலையில்லை என்ற விதி தப்புகிறது. கடனுக்காக அவளை அனுப்பிய வறுமையும், அவளைப் பொய் சொல்லப் பழக்கிய தரகனும் தப்புகின்றனர். கொடிய எசமானியைக் காட்டுவது எளிது. நல்ல எசமானியின் வீட்டிலும் மாத்திரை தீரும் என்று காட்டுவதே யதார்த்தவாதம்.

பதுளை மண்ணில் 1934இல் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் லயத்து அன்றாடத்தை இலக்கியமாக்கியவர். இன்றைய அன்றாடத்தில் கிளினிக் கொப்பியும் ஒன்று. அதைத் திறந்து பார்க்கும் எழுத்தாளர் தேவைப்படுகிறார்.

அண்மையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கதை என் கைக்கு வந்தது. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். அண்ணனுடைய மாத்திரைகளைத் தாய் கொழுந்துக் கத்தியால் பாதி பாதியாக நறுக்கி, எண்ணிப் போத்தலில் போடுகிறாள். மாதம் நகரும், தூள் மிஞ்சும், அத்தூளையும் தேநீரில் கலக்கிறாள். எழுத்துப் பிழைகள் ஏராளம். அழுகை ஒரு வரியிலும் இல்லை. பைத்தியம் என்ற சொல்லே இல்லை. பள்ளி ஆண்டு மலருக்கு அதை நான் பரிந்துரைத்தேன். பொருள் அமங்கலமானது என்று மலர்க்குழு திருப்பிவிட்டது. கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது.