நிலவின் முன் நின்ற நாரை

ஒரு பறவையின் படமோ விலங்கின் படமோ நன்றாக அமைந்துவிட்டால் பார்த்தவுடன் மனம் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் அடங்கிய பிறகும் படத்தின் முன் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பதை நான் சற்றுத் தாமதமாகவே கற்றேன். கற்பித்தவர் முதலாண்டு மாணவி ஒருவர்.

எங்கள் கல்லூரி அறிவியல் மன்றம் உள்ளூர் உயிரினங்களைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சி நடத்தியது. நடுவர் நான். முதல் பரிசை ஒரு நாரைப் படத்துக்குக் கொடுத்தேன். ஏரி நீரில் ஒற்றைக் காலில் நாரை. அதன் பின்னால் படத்தின் பாதி உயரத்துக்கு முழு நிலவு. இருபுறமும் ஏரிக்கரையும் பனைகளும். மறுநாள் அந்த மாணவி ஆய்வகத்துக்கு வந்து, "சார், நீங்கள் வகுப்பில் சொன்ன கணக்கு இந்தப் படத்துக்கு ஒத்து வரவில்லையே?" என்றார்.

அது என்ன கணக்கு? நிலவின் விட்டம் 3,474 கிலோ மீட்டர். அது சராசரியாக 3,84,400 கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதாவது, தன் விட்டத்தைப் போல் சுமார் 110 மடங்கு தொலைவில். ஆகவே வானில் அது அடைத்துக் கொள்ளும் கோணம் ஏறத்தாழ அரை டிகிரிதான். அந்த நிலவு படத்தின் பாதி உயரத்தை அடைத்தால், படத்தின் முழு உயரமும் ஒரு டிகிரி. அகலம் ஒன்றரை டிகிரி. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பாருங்கள். அது மறைப்பதே சுமார் ஒரு டிகிரி. மேலும், ஒரு மீட்டர் உயரமுள்ள நாரை நிலவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காகத் தெரிய வேண்டுமானால், அது காமிராவிலிருந்து சுமார் 330 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தொலைவில் ஒன்றரை டிகிரிக்குள் அடங்கும் அகலம் ஒன்பது மீட்டருக்கும் குறைவு. நாரைக்கு இருபுறமும் ஏரிக்கரைகள் எப்படி அதற்குள் அடங்கின?

படம் எடுத்த மாணவரை அழைத்துக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நாரையும் நான் எடுத்தது, நிலவும் நான் எடுத்தது சார். கணினியில் சேர்த்தேன். சேர்க்கக் கூடாது என்று அறிவிப்பில் இல்லையே?" என்றார். உண்மைதான். அறிவிப்பை எழுதியவனும் நான். வகுப்பில் சொன்னதைக் கண்ணெதிரே காணத் தவறியவனும் நான்.

பெரிய நடுவர்களுக்கும் இத்தகைய சோதனை வந்ததுண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் கானுயிர்ப் புகைப்படப் போட்டி உலகப் புகழ் பெற்றது. 2017-இல் அதன் ஒரு பிரிவில் வென்ற படம், பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் மார்சியோ கப்ரால் எடுத்தது. இரவு வானில் விண்மீன்கள். கீழே ஒளிரும் வண்டுப் புழுக்கள் பச்சைப் பொட்டுகளாய் மின்னும் கறையான் புற்று. அதை நெருங்கும் பெரிய எறும்புதின்னி. அமைப்பில் குறை சொல்ல இடமில்லை. நெடுநேரம் திறந்திருந்த காமிரா விண்மீன்களின் மங்கிய ஒளியைச் சேர்க்க, ஒரு நொடியின் சிறு பின்னமே நீடிக்கும் ஃபிளாஷ் விலங்கைக் காட்டியது. அசையும் விலங்கும் இம்முறையில் தெளிவாகப் பதியும். எனவே இயற்பியல் கணக்கு எதுவும் இந்தப் படத்தைக் காட்டிக் கொடுக்காது.

காட்டிக் கொடுத்தவை விலங்கின் உடலில் இருந்த குறிகள். பூங்காவின் நுழைவாயில் ஒன்றில் பாடம் செய்து வைத்திருந்த எறும்புதின்னியின் மயிர்க்கற்றைகள், கழுத்துக் கோடுகள், நின்ற நிலை எல்லாம் படத்தில் இருந்ததோடு ஒத்திருந்தன. ஐந்து அறிவியலாளர்கள் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். கப்ரால் மறுத்தார்; ஆனாலும் 2018 ஏப்ரலில் பரிசு திரும்பப் பெறப்பட்டது. புற்று உண்மை, விண்மீன்கள் உண்மை. ஆனால் உயிருள்ள எறும்புதின்னி ஒன்று இரவில் அந்தப் புற்றைத் தேடி வந்தது என்று படம் நமக்குச் சொன்னதே, அந்தச் செய்திதான் நிற்கவில்லை. விலங்குப் படம் ஒரு சாட்சியும் ஆகும். சாட்சி பொய்த்தால் அதன் அழகை நாம் எதற்காகப் பாராட்டுவது?

இனி, அதே போட்டியில் 2020-இல் தலைமைப் பரிசு பெற்ற படத்தைப் பாருங்கள். ரஷ்யாவின் கிழக்குக் கோடிக் காட்டில் செர்கேய் கோர்ஷ்கோவ் எடுத்தது. ஒரு பெண் புலி பின்கால்களில் நின்று, முதிய மரமொன்றை இரு முன்கால்களாலும் கட்டிக்கொண்டிருக்கிறது. சாய்ந்து விழும் வெயிலில் புலியின் நிறமும் காட்டின் நிறமும் ஒன்றோடொன்று கலக்கின்றன. விலங்கின் அசைவை உணர்ந்து தானே இயங்கும் காமிராவை மரத்துக்கு எதிரே வைத்து, பதினொரு மாதங்களுக்கு மேல் காத்திருந்து பெற்ற படம். "எந்திரம்தானே எடுத்தது, மனிதனுக்கு என்ன பெருமை?" என்று சிலர் கேட்கக் கூடும். எந்த மரம், எந்த உயரம், வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதையெல்லாம் தீர்மானித்தது மனிதர்தானே? படத்தின் அமைப்பு புலி வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

எனக்கு ஒரு குறை உண்டு, அது தலைப்பில். "அரவணைப்பு" என்று பெயரிட்டார்கள். புலி மரத்திடம் அன்பு காட்டவில்லை. கன்னத்தையும் உடலையும் தேய்த்துத் தன் வாசனையைப் பூசி, மற்றப் புலிகளுக்குச் செய்தி விட்டுச் செல்கிறது. படம் உண்மையைச் சொல்ல, தலைப்பு நம்மை வேறு பக்கம் இழுக்கிறது.

நம் கண்காட்சிக்குத் திரும்புவோம். நான் கண்டுகொள்ளாமல் கடந்த படம் ஒன்று அங்கே இருந்தது: எருமை முதுகில் உண்ணிக்கொக்கு. ஊரில் தினமும் பார்ப்பதுதானே என்று நகர்ந்துவிட்டேன். மறுபடி போய் நின்றபோதுதான் அதன் பலம் புரிந்தது. எடுத்தவர் ஈரத் தரையில் படுத்து, எருமையின் கண் மட்டத்துக்குக் காமிராவைத் தாழ்த்தியிருக்கிறார். நின்றபடி எடுத்திருந்தால் எருமையை ஒட்டிய சேறே பின்னணியாக, அதே தெளிவுடன் பதிந்திருக்கும். தாழ்ந்ததால் தொலைவிலுள்ள வயல் பின்னணியாயிற்று. லென்ஸ் குவியும் தளத்திலிருந்து அது வெகு தூரம் விலகியிருப்பதால் மங்கிப் பின்வாங்குகிறது. கொக்கின் கண் துலங்குகிறது. கொக்கு பார்க்கும் திசையில் கொஞ்சம் வெற்றிடமும் விட்டிருக்கிறார். அதனால் அடுத்து அது எதைக் கொத்தப் போகிறது என்று நம் கண்ணும் தேடுகிறது.

அவரும் படத்தைத் திருத்தியிருந்தார். ஓரத்து வேலிக் கம்பத்தை வெட்டி நீக்கி, எருமையின் கருமையில் சற்று வெளிச்சம் கூட்டியிருந்தார். இது தவறா? இல்லை. இருட்டறையில் தாளைக் கழுவிய காலத்திலும் ஓரங்களை வெட்டியதுண்டு. ஒரு பகுதிக்கு ஒளியைக் கூட்டியும் குறைத்தும் பதித்ததுண்டு. அங்கே இருந்ததை நன்றாகக் காட்டுவது திருத்தம். அங்கே இல்லாததைக் கொண்டுவந்து வைப்பது வேறு வேலை. அதற்கு ஓவியம் என்ற மதிப்புள்ள பெயர் இருக்கிறது. அந்தப் பெயரோடு வரட்டும். வெட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு: 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சலே. அருகில் செல்லாத குறையைக் கத்தரி ஓரளவுக்குத்தான் ஈடு செய்யும்.

முதல் பரிசை நான் திரும்ப வாங்கவில்லை. விதி எழுதாத பிழைக்கு மாணவரைத் தண்டிப்பது முறையல்ல. இரண்டு படங்களைச் சேர்த்தது என்ற குறிப்பை மட்டும் அவரே தம் கையால் எழுதிப் படத்தின் கீழ் ஒட்டினார். அடுத்த ஆண்டு அறிவிப்பில் ஒரு வரி கூடும்: காமிராவில் பதிந்த மூலப் படத்தையும் உடன் தர வேண்டும். நடுவர் குழுவில் அந்த மாணவியும் இருப்பார்.

நீங்களும் உங்கள் பள்ளியிலோ ஊர் மன்றத்திலோ இப்படி ஒரு கண்காட்சி வைத்துப் பாருங்கள். நிலவு வந்த படம் ஏதாவது இருந்தால், மறவாமல் சுண்டுவிரலை நீட்டிப் பாருங்கள்.