ஐந்து செமஸ்டரில் பட்டம்: எந்தக் காலத்தைக் குறைக்கிறோம்?

தெலங்கானாவின் பட்டான்செருவில் 1972 முதல் இயங்கிவரும் இக்ரிசாட் பயிராய்வு நிறுவனம், துவரையில் புதிய ரகம் உருவாக்க 15 ஆண்டுகள் வரை பிடித்த வேலையை 5 ஆண்டுக்குள் முடிக்கும் முறையை 2024இல் அறிவித்தது. வெளிச்சத்தையும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைத்து, ஓராண்டில் நான்கு தலைமுறை வரை எடுக்கிறார்கள். மிச்சமானது, செடி அடுத்த பருவத்துக்காகக் காத்துக்கிடந்த காலம். விவசாயி கைக்குப் போகுமுன் பல ஊர் வயல்களில் விதைத்துப் பார்க்கும் சோதனைக்கு விலக்கு இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப்படிப்பை விரைந்து முடிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுப் படிப்பை ஐந்து செமஸ்டரிலும், நான்காண்டுப் படிப்பை ஆறு அல்லது ஏழு செமஸ்டரிலும் முடிக்கலாம். முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் கல்லூரிக் குழு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம். பாடமும் கிரெடிட்டும் குறையாது. அரசு வேலைக்கும் இந்தப் பட்டம் மற்றப் பட்டங்களுக்குச் சமம்.

இதன் நோக்கத்தை நான் வரவேற்கிறேன். எல்லாரும் ஒரே வேகத்தில்தான் படிக்க வேண்டும் என்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது. பட்டான்செருத் தொழிற்பேட்டையில் கூலிக்குப் போகிறவரின் மகளுக்கு ஆறு மாத விடுதிச் செலவு மிச்சமாவதும், ஆறு மாதம் முன்னதாகச் சம்பளம் வருவதும் சின்ன விஷயமா?

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட், செமஸ்டருக்கு 20. முதல் செமஸ்டருக்குப் பிறகு தேர்வானால் மிச்சம் 100ஐ நான்கு செமஸ்டரில், அதாவது 25 வீதம் முடிக்க வேண்டும். சுமைதான், முடியாததல்ல. நான்காண்டுப் படிப்பை ஆறு செமஸ்டரில் அடைப்பதுதான் அச்சம் தருகிறது. இரண்டாம் செமஸ்டருக்குப் பிறகு தேர்வாகிறவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் 30 கிரெடிட் எடுக்க வேண்டும். தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, ஆய்வகம், வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்ந்த 30 மணி நேர உழைப்பு. அப்படியானால் 900 மணி நேரம். பதினைந்து வாரத்தில் பகிர்ந்தால் வாரத்துக்கு 60 மணி. வேதியியல் மாணவர் பிழைபட்ட ஒரு பரிசோதனையை மறுபடி செய்து பார்க்க அதில் எங்கே இடம்? மருந்துத் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் வேலைக்குப் போகும்போது கை கொடுப்பது அந்த இரண்டாவது முயற்சியில் வந்த பழக்கம்தான்.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் கல்லூரி, இன்றைய பல்கலைக்கழகம், 1976இலேயே இரண்டாண்டுப் பட்டத்தைத் தொடங்கியது. அங்கே ஆண்டுக்கு நான்கு பருவம், ஏறத்தாழ 40 வாரம் பாடம். நீண்ட கோடை விடுமுறையைப் பாடநாளாக மாற்றித்தான் ஓராண்டைக் குறைத்தார்கள். நம் கல்லூரிகளில் வேலை நாள் ஆண்டுக்கு 180. மீதிப் பாதி விடுமுறை, தேர்வு, முடிவுக்கான காத்திருப்பு. நம் திட்டம் இந்தக் காத்திருப்பைத் தொடாமல், படிக்கும் வாரங்களையே இறுக்குகிறது. துவரை ஆய்வாளர்கள் செய்ததற்கு இது நேர்மாறு. கோடையில் ஒரு பருவம் நடத்தினால் இதே திட்டம் எவ்வளவோ மேம்படும். அதற்கு ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும்.

இன்னொரு குறை, நாட்காட்டியில். ஐந்து செமஸ்டரில் முடிப்பவர் டிசம்பர் வாக்கில் வெளியே வருவார். தெலங்கானாவில் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான். ஜனவரியிலும் சேர்க்கை நடத்தலாம் என்று மானியக் குழு 2024 ஜூனிலேயே சொல்லியும், அது கட்டாயமல்ல. மேற்படிப்புக்குப் போகிறவருக்கு மிச்சம் பிடித்த ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தே கரையும்.

மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மேலும் உறுத்துகிறது. அரசு ஜூனியர் கல்லூரியில் தெலுங்கு வழியில் படித்து வந்தவர், முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். சிக்கனம் அதிகம் தேவைப்படும் அவரையே அந்த மதிப்பெண் வடிகட்டிவிடும். ஏழாம் எட்டாம் மாதத்தில் வேகம் பிடிக்கிறவர்களை எல்லா ஆசிரியரும் பார்த்திருக்கிறோம். இரண்டாம் செமஸ்டர் முடியும் வரை கல்லூரிகள் பொறுக்க வேண்டும்.

இதே திட்டத்தில் படிப்பை நீட்டித்துக்கொள்ளும் வழியும் உண்டு; அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டு படிக்கிறவருக்கு விரைவைவிட இதுதான் பெரிய உதவி. அதைப் பற்றிக் கல்லூரிகள் பேசாமலிருப்பது வருத்தம் தருகிறது.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுமுன் மாணவர்களும் பெற்றோரும் துறைத்தலைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: குறைந்த செமஸ்டருக்குக் கட்டணமும் குறையுமா? ஆய்வக நேரம் முழுதாகக் கிடைக்குமா? டிசம்பரில் முடித்தால் ஜனவரியில் சேர இடமோ வேலையோ இருக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் ஆறாவது செமஸ்டரையும் படித்துவிட்டே வாருங்கள்.