கொஞ்சம் இருட்டாக்கிக் கொடுங்க!

ஒருவர் புது ஆல்பத்தை முடித்து கம்பெனியிடம் கொடுக்கிறார். கம்பெனி கேட்டுப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைகிறது. சுருதி விலகிவிட்டதா? இல்லை. தாளம் தப்பிவிட்டதா? அதுவும் இல்லை. ஆல்பம் ரொம்ப 'பாசிட்டிவ்'வாக இருக்கிறதாம். கொஞ்சம் இருட்டாக்கிக் கொடுத்தால் தேவலையாம்!

ஜோக் இல்லை சார். 2013-ல் தனக்கு இப்படி நடந்ததாகச் சொன்னவர் எம்.ஐ.ஏ. முழுப்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் ரஹ்மானோடு சேர்ந்து 'ஓ... சாயா' பாட்டைச் செய்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனவர் என்றால் சட்டென்று ஞாபகம் வரும். 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், கொஞ்ச காலம் சென்னையிலும் இருந்து, பத்துப் பதினோரு வயதில் அம்மாவோடு அகதியாக மறுபடி லண்டன் போன தமிழ்ப் பெண். ரோலண்ட் 505 என்ற சின்ன மின்னணுப் பெட்டியில் பொத்தான்களைத் தட்டித் தட்டி முதல் பாட்டுகளை உருவாக்கினார். முதல் ஆல்பத்துக்கு (2005) அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', இரண்டாவதற்கு (2007) அம்மா பெயர் 'கலா', மூன்றாவதற்கு (2010) தன் செல்லப் பெயர் 'மாயா'. நாலாவதுதான் பஞ்சாயத்துக்குள்ளான 'மாதங்கி'.

'மாயா' வந்தபோது ஈழத்தில் யுத்தம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. டிரில்லிங் மெஷின் சத்தமெல்லாம் கேட்கிற ஆல்பம் அது. 'கலா'வைப் போட்டு ஆடிக்கொண்டிருந்த ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். 'பிட்ச்ஃபோர்க்' என்ற அமெரிக்க இசை இதழ் பத்துக்கு 4.4 மார்க் போட்டது. அதாவது, கோபம் ஜாஸ்தி. மூன்று வருஷம் கழித்து ஆட வைக்கிற ஆல்பத்தோடு வந்தால், சந்தோஷம் ஜாஸ்தி! வெளியீடு தள்ளிக்கொண்டே போக, 2013 ஆகஸ்டில் 'இன்னும் இழுத்தால் நானே ஆல்பத்தைக் கசியவிடுவேன்' என்று ட்விட்டரில் மிரட்டினார். அதற்குப் பிறகே இன்டர்ஸ்கோப் கம்பெனி நவம்பரில் தேதி கொடுத்தது. வந்ததும் ரசிகர்கள் இரண்டு கட்சி. 'அப்பாடா, ஆட்டம் திரும்பி வந்துடுச்சு' என்று ஒன்று. 'எங்கே போச்சு அரசியல்? மழுங்கிட்டாங்க' என்று இன்னொன்று.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. கட்டடம் மாதிரி, மெஷின் மாதிரி கண்ணுக்குத் தெரியாது. ஆனால், கணக்குப் புத்தகத்தில் அதற்கும் ஒரு மதிப்பு. எம்.ஐ.ஏ-வைப் பொறுத்தவரை அவருடைய கோபம்தான் குட்வில். அதை எழுதிவைத்தது கம்பெனி மட்டுமில்லை, ரசிகர்களும்தான். தாங்கள் படவேண்டிய கோபத்தையெல்லாம் ஓர் அகதிப் பெண்ணிடம் காண்டிராக்ட் விட்டாயிற்று. அவள் நடுவில் சிரித்துவிட்டால் கணக்கு இடிக்கிறது.

சிரிப்பது கிடக்கட்டும், சாப்பிடக்கூட விடுவதில்லை. 2010-ல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் அவரைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்று வந்தது. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே உயர்ந்த ரக உருளைக்கிழங்கு வறுவலைக் கொறிக்கிறார் என்று அதில் ஒரு குத்தல். பிற்பாடு எம்.ஐ.ஏ. ஒலிப்பதிவை வெளியிட்டார். வறுவலை ஆர்டர் பண்ணலாம் என்று ஆரம்பித்ததே அந்தப் பெண் நிருபர்தான்!

சரி, 'மாதங்கி' நிஜமாகவே அவ்வளவு சந்தோஷமான ஆல்பமா? உட்கார்ந்து கேட்டேன். முதலில் பெயர். மாதங்கி இசைக்கான தேவதை. மதுரை மீனாட்சியை ராஜமாதங்கியாகக் கும்பிடுகிறவர்கள் உண்டு. தந்திர மரபில் அவளுக்கு இன்னொரு விசேஷம்... எச்சில் உணவையே நைவேத்தியமாக ஏற்றுக்கொள்கிறவள். அடுத்தவர் பாட்டிலிருந்து ஒரு துண்டு, ரோட்டுச் சத்தத்தில் ஒரு துண்டு என்று பொறுக்கிச் சேர்க்கிற மின்னணு இசைக்கு இதைவிடப் பொருத்தமான குலதெய்வம் கிடைக்காது. 'கலா' ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' துண்டு ஒன்று எட்டிப் பார்க்கும். இளையராஜா பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

இதில் 'அடென்ஷன்' என்று ஒரு பாட்டு. ஆங்கிலத்தில் 'டென்ட்' என்ற ஓசை ஒளிந்திருக்கிற வார்த்தைகளாகத் தேடிக் கோத்திருக்கிறார். தேடிக் கொடுத்தது யார் தெரியுமா? விக்கிலீக்ஸ் ஜூலியன் அசாஞ்சே! மேலோட்டமாகக் கேட்டால் வார்த்தை விளையாட்டு, துள்ளல். டென்ட் என்றால் யாருக்கு என்ன ஞாபகம் வரும் என்று யோசித்தால் துள்ளல் கொஞ்சம் தொண்டையில் மாட்டும். 'பேட் கேர்ள்ஸ்' பாட்டின் வீடியோவில் முக்காடு போட்ட பெண்கள் பாலைவனத்தில் காரை இரண்டு சக்கரத்தில் சாய்த்து ஓட்டுகிறார்கள். அது வந்தது 2012-ல். சவூதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி கிடைத்ததோ 2018-ல். இதையா மழுங்கிவிட்டது என்கிறார்கள்?

சிவகாசிப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். அணுகுண்டுக்கும் புஸ்வாணத்துக்கும் மருந்து ஏறக்குறைய ஒரே குடும்பம்தான். வெடியுப்பு வகை, கந்தகம், அலுமினியப் பவுடர். அளவு மாறும், சுற்றுகிற காகிதம் மாறும். இறுக்கிச் சுற்றினால் வெடிக்கும், வாயைத் திறந்துவிட்டால் பூவாகக் கொட்டும். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறவரின் உயிருக்கும் அதே ஆபத்துதான்.

குறையே இல்லையா? இருக்கிறது. 'டபுள் பபுள் ட்ரபுள்' எனக்கு இரண்டாவது நிமிஷத்திலேயே அலுத்துவிட்டது. 'எக்ஸோடஸ்' என்ற பாட்டை நடுவில் ஒரு தடவை போட்டு, கொஞ்சம் பெயரை மாற்றிக் கடைசியில் இன்னொரு தடவை போட்டிருக்கிறார். புலம்பெயர்வு ஒருமுறையோடு முடிவதில்லை என்று யாராவது விளக்கம் சொல்லக்கூடும். எனக்கென்னவோ சரக்குப் பற்றவில்லை என்றுதான் படுகிறது. விற்பனையும் சுமார்தான். காதைப் பொத்த வைத்த 'மாயா' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 9-ம் இடம். 'மாதங்கி' 23. கம்பெனிக்காரர்கள், 'நாங்க அப்பவே சொன்னோமே' என்று தலையாட்டியிருக்கலாம்.

ஆனால், அமெரிக்கக் கம்பெனியை மட்டும் திட்டுவது சுலபம். நம்ம ஊர் என்ன வாழ்கிறது?

விருதுநகர் பக்கத்தில் மல்லாங்கிணறு. அங்கே இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு முகாம் இருக்கிறது. முன்பு அகதிகள் முகாம், 2021-லிருந்து அரசாங்க பாஷையில் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'. ஆண்கள் பலருக்கும் பெயின்டிங் வேலை. ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் உறுமி மேளம் கிழிகிறது. பையன்கள் சட்டை நனைய ஆடுகிறார்கள். டீக்கடையில் என் பக்கத்தில் இருந்தவர் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார். "பாத்தீகளா அண்ணாச்சி, அகதியா வந்தவுகளுக்கு இருக்கிற கொண்டாட்டத்த! ஆளுக்கொரு பைக்கு வேற."

அவர் கெட்டவர் இல்லை. 2009-ல் ஈழத்துக்காகக் கடையடைப்பு நடந்தபோது முதல் ஆளாக ஷட்டரை இறக்கினேன் என்று அவரே சொன்னார். நம்பினேன். அழுதால் கூட அழுவார். ஆடினால்தான் சங்கடம். இன்டர்ஸ்கோப் ஆபீஸுக்கும் அந்த பெஞ்சுக்கும் எத்தனையோ ஆயிரம் மைல். ரெண்டு இடத்திலும் வைக்கிற கோரிக்கை ஒன்றுதான்: கொஞ்சம் இருட்டாக்கிக் கொடுங்க.

இத்தனைக்கும் கேதத்துக்கும் கொட்டு, திருவிழாவுக்கும் கொட்டு என்று இருக்கிற ஊர் இது. 'கலா'வுக்காக எம்.ஐ.ஏ. சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்துகொண்டு போனாரே, அந்த உறுமியிடம் போய் 'நீ கோபமா, சந்தோஷமா?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேட்கிறவர்களைத்தான் அது ஒரு மாதிரி பார்க்கும்.

ஊர்வலம் முடிந்து டீக்கடைக்கு வந்த பையன்களில் ஒருவன், முகாமிலேயே பிறந்து வளர்ந்தவன், இன்னும் இந்தியக் குடியுரிமை கிடைக்காதவன். என் செல்போனில் இருந்த 'மாதங்கி' ஆல்பத்தின் பெயர்ப் பாட்டை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். பாடுவது யார், எங்கிருந்து போனவர் என்று ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டியபடி முழுசாகக் கேட்டான்.

"அடி சூப்பர்ண்ணே" என்றான். "பேஸ மட்டும் கொஞ்சம் ஏத்தி விட்ருக்கலாம்."