மன்னிப்புக்குப் பின் ஒரு திருட்டு

தன்னைத் தகுதியற்றவனென்று எண்ணிக் குறுகும் பாத்திரத்தை நிமிர்த்த, ஓர் அன்புச் சொல்லே போதுமென நம் கதாசிரியர் பலர் கருதிவிடுகின்றனர். அடுத்த அத்தியாயத்தில் அவன் புது மனிதன்!

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட, தமிழில் ‘ஏழை படும் பாடு’ என வழங்கும் நாவலைப் பாருங்கள். 19 ஆண்டுச் சிறையிலிருந்து மீண்ட ழான் வல்ழான், தான் திருடிய வெள்ளிப் பொருட்களையே ஆயரிடம் பரிசாகப் பெறுகிறான். பெற்றபின் செய்வதென்ன? ஒரு சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்து மறைக்கிறான். சிறுவன் அழுதோடிய பின்னரே தன்னைக் கண்டு விம்முகிறான். இச்சறுக்கல் இல்லையேல் ஆயரின் கருணை வெறும் உபதேசமாகியிருக்கும்.

நகரத் தலைவனாய் உயர்ந்தும் அக்குறுகல் தீரவில்லை. வளர்ப்பு மகளின் திருமணத்துக்கு மறுநாள், தான் கைதியென மருமகனிடம் கூறி விலகுகிறான். இதனைத் தியாகமென்பர் சிலர். எனக்கோ ஆறாத புண்ணாகவே படுகிறது. மகளும் மருமகனும் தேடிவந்த இறுதி வேளையில்தான் அது ஆறுகிறது.