நாரதர் தோற்கிற இடம்

பபூன் காமிக் முடிந்ததும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். ராஜபார்ட்டின் குரலுக்காகவே விடியவிடிய உட்காருகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. நான் ‘வள்ளி திருமணம்’ பார்க்கப் போவது நாரதருக்காக; அதிலும் தினைப்புனத்தில் வள்ளியோடு அவர் நடத்தும் தர்க்கத்துக்காக.

இந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் என்னதான் கணக்கு? எங்கள் வீட்டில் தீராத வழக்கு இது. பெரியப்பா மாம்பழக் கட்சி. “பழத்தைக் கொண்டாந்து முருகனைப் பழனிக்கு விரட்டுனது யாரு? அந்தப் பாக்கியைத்தான் வள்ளியைக் காட்டித் தீக்கிறாரு” என்பார். திருப்பரங்குன்றத்து அத்தை விடமாட்டாள். “எங்க ஊர்ல தெய்வானையைக் கட்டி வச்சாச்சு. பெறகெதுக்கு இன்னொண்ணு? ரெண்டு பேரும் முட்டிக்கிரணும், இவரு பஞ்சாயத்துக்கு வரணும். அம்புட்டுத்தான்.” பரங்குன்றத்தில் தெய்வானையோடு கல்யாணக் கோலம், பழமுதிர்சோலையில் இரண்டு பக்கமும் இரண்டு பேர். நடுவில் இருக்கிற மதுரைக்காரனுக்கு நாரதர் மேல் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

என் கட்சி வேறு. அவர் வள்ளியிடம் தோற்கவே வருகிறார்.

மேலூர்ப் பக்கம் ஒரு பங்குனித் திருவிழாவில் பார்த்த நாரதர்தான் இதை எனக்குக் காட்டினார். ஸ்பெஷல் நாடகத்தில் ஏது ஒத்திகை? அவருக்கும் அன்றைய ஸ்திரீபார்ட்டுக்கும் மேடையில்தான் அறிமுகம். முக்கால் மணி நேரம் கேள்வி மேல் கேள்வி போட்டு அந்த அம்மாளை மடக்கிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அந்த அம்மாள் சுருக்கென்று ஒரு பதில் சொன்னார். நாரதர் கையிலிருந்த சிப்ளாக்கட்டை பாதித் தாளத்தில் நின்றது. ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். நாரதர் வாய் திறக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் கட்டையை மெல்லத் தடவியது. வாயடைத்துப் போனாரா, இவள் முருகனுக்குச் சரியான ஜோடி என்று முடிவு கட்டினாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

‘சரஸ்வதி சபதம்’ (1966) சிவாஜியைச் சொல்லி என்னை அடக்கப் பார்ப்பார்கள். அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாரதர் நம்மையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டுதான் கலகம் மூட்டுகிறார். மேலூர் நாரதர் எங்களையும் வெளியே நிறுத்தியல்லவா வைத்தார்!

உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுவது இந்த மேடைக்குப் புதிதுமல்ல. திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விசுவநாத தாஸ் கொக்கைப் பாடினால் கூட்டத்துக்கு வெள்ளைக்காரன் தெரிந்தான், போலீஸுக்கும் தெரிந்தது. 1940-இல் முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்தபடியே மேடையில் உயிரை விட்டவர் அவர். குறிப்பறிகிற கூட்டம் எதிரே இருந்ததால்தான் அந்தப் பாட்டு எடுபட்டது.

இப்போது அந்தப் பொறுமை இரண்டு பக்கமும் இல்லை. தர்க்கம் இருபது நிமிஷத்தில் முடிகிறது. அதிலும் பாதி சினிமா மெட்டு. போன வருஷம் பார்த்த நாரதர், வந்து நின்றதும் மைக்கைப் பிடித்து, தான் எதற்காக வந்திருக்கிறேன், இதனால் யாருக்கு என்ன நன்மை என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். சிப்ளாக்கட்டை கடைசிவரை நிற்கவேயில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அதான் எல்லாத்தையும் சொல்லிப்புட்டாரே, டீ குடிச்சிட்டு வருவோம்” என்றார். நானும் எழுந்தேன்.